ஆறு நிறம், பன்னிரண்டு சதுரம்

மாடியில் குடியிருக்கும் பெண் ஒரு தாளோடு இறங்கி வந்தபோது முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், ரேஷன் அட்டையில் பெயர் நீக்கம் இவற்றில் ஏதோ ஒன்று என்றுதான் நினைத்தேன். அரசு அலுவலகத்தில் எழுத்தராக நுழைந்து, முப்பத்தைந்து வருடம் கழித்துக் கண்காணிப்பாளராக வெளியே வந்த ஒருவனிடம் மனிதர்கள் வேறு எதற்கு வருவார்கள்? எந்த மனுவுக்கு எந்த இணைப்பு, எந்த இணைப்புக்கு யார் கையெழுத்து, கையெழுத்துப் போடுகிறவர் எந்தக் கிழமையில் இருக்கையில் இருப்பார் என்பது வரை எனக்குத் தெரியும். தெரிந்திருப்பதில் ஒரு பெருமையும் இல்லை. பழைய பேருந்து அட்டவணையை மனப்பாடமாக வைத்திருப்பது போலத்தான்.

"சார், இஸ்கூல்ல குட்த்தாங்க. இங்கிலீஷ்ல இருக்குது. இன்னா போட்டிருக்குதுனு பாருங்க சார்."

நகலின் நகலாக எடுத்து, ஓரமெல்லாம் கறுத்துப்போன தாள். வீட்டில் குழந்தைக்குப் பழக்க வேண்டியவை என்று ஒன்பது விஷயங்கள். மூன்றாவதின் கீழ் மட்டும் சிவப்புக் கோடு. அதைப் படித்துச் சொன்னேன்: ஒரே மாதிரியான பொருள்களைச் சேர்த்தல்.

அவளுடைய மகளுக்கு நான்கு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. எல்.கே.ஜி.யில் சேர்க்க அழைத்துப்போயிருக்கிறாள். குழந்தை ஒரு வார்த்தை பேசவில்லை, காட்டிய எதையும் தொடவில்லை.

"ஒரு மாசம் ஊட்ல பழக்கி இட்டுனு வாங்கன்றாங்க. அப்பவும் இப்டியே இருந்தா மெட்ராஸ்ல தனி இஸ்கூல் கீது, அங்க காட்டுங்கன்னு சொல்லிட்டாங்க சார்." தாளை நான் திருப்பித் தந்தும் அவள் வாங்கவில்லை. "மெட்ராஸுக்குத் தெனம் யாரு சார் இட்டுனு போறது? வேலைய உட்டுட்டு நான்தான் போவணும். அதுக்கோசரம் இல்ல சார். எம்பொண்ணு அப்டியா சார்? உங்க ஊட்லதான வளருது, நீங்களே சொல்லுங்க."

இது உண்மை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை அவளுக்கு, பெரும்பாலும் இரண்டாம் ஷிப்ட். மதியம் ஒரு மணிக்கு வேன் வரும். அப்போதிலிருந்து அவள் கணவன் வேலை முடிந்து வரும்வரை குழந்தை எங்கள் கூடத்தில்தான் இருக்கும். ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும். வேண்டியதை விரலால் காட்டும், வேண்டாததற்குத் தலையைத் திருப்பிக்கொள்ளும். என் மேலதிகாரிகளில் பாதிப்பேர் இவ்வளவுகூடச் செய்ததில்லை என்பதால் எனக்கு அது குறையாகத் தோன்றியதே இல்லை. ஆனால் "அப்படியெல்லாம் இல்லம்மா" என்று சொல்லும் அதிகாரம் எனக்குக் கிடையாது. அதைச் சொல்ல வேண்டியவர் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்.

"ஒரே மாதிரி சேக்கறதுக்கு கடைல பிளாஸ்டிக் கட்டை விக்கிதாம். பிளாஸ்டிக் எது குட்த்தாலும் கடிச்சித் துப்பிடுது சார்" என்றாள்.

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "துணியில தெச்சிட்டா போவுது. அதுக்கு ஏன் கடைக்கு ஓடணும்? நாங்க தெச்சித் தரோம், நீ வேலைக்குப் போ."

நாங்கள் என்பது யார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். மனைவிக்கு அப்போதுதான் இடது கண்ணில் புரை எடுத்திருந்தது. ஒரு மாதம் குனியக்கூடாது, ஊசி கோக்கக்கூடாது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நாளொன்றுக்கு நான்கு வேளை சொட்டு மருந்துக்கு அண்ணாந்து கிடந்தாள்.

"யார் தைக்கிறது?" என்றேன், அந்தப் பெண் போன பிறகு.

"கண்ணு எனக்குத்தான ஆபரேசன் ஆச்சு? உங்களுக்கு இன்னா, கை இல்லியா?"

கை இருந்தது. இளநிலை உதவியாளராக இருந்த காலத்தில் கோப்பு தைத்த கை. நூறு தாளைச் சேர்த்துக் கூர் ஊசியால் துளை போட்டு, வெள்ளைக் கயிறு கோத்து முடிச்சுப் போடுவதில் என்னை மிஞ்ச எங்கள் பிரிவில் ஆள் இல்லை. துணி அதற்கு நேர்மாறான ஜாதி. வைத்த இடத்தில் நிற்காது.

துணியை மாடிப் பெண்ணே கொண்டுவந்து கொடுத்தாள். அவர்கள் வீட்டில் வேலைக்குப் போகிற ஆண்கள் மூன்று பேர்: அவள் கணவன், அவன் தம்பி, அவளுடைய அண்ணன். மூவரும் ஆர்.கே.பேட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பன்மார்கள் அங்கே அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். மூன்று பேருக்கும் மூன்று கம்பெனி. கம்பெனிக்கு ஒரு சீருடை. வருடத்துக்கு இரண்டு செட் கொடுப்பதால் முழங்கை கிழிந்த பழைய சட்டையும் முட்டி வெளுத்த பழைய பேண்ட்டும் ஒரு மூட்டை சேர்ந்திருந்தது. ஆகாய நீலம், கருநீலம், சாம்பல், கறுப்பு, சந்தனம், காப்பிக்கொட்டை நிறம். ஆறு நிறம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்துபோனேன்.

நான் முறைப்படி செய்கிறவன். முதலில் ஒரு தாளில் எழுதினேன்: நிறத்துக்கு இரண்டாகப் பன்னிரண்டு சதுரம், ஒவ்வொன்றும் நாலங்குலம், தையலுக்குச் சுற்றிலும் அரையங்குலம். அட்டையில் அளவு வெட்டி, சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக் கத்தரித்தேன். நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டு துண்டுகளைச் சேர்த்து மூன்று பக்கம் முழுசாகத் தைத்து, நாலாவதில் இரண்டு விரல் நுழைய இடம் விட்டு, அதன் வழியே வெளிப்பக்கம் புரட்ட வேண்டும். பென்சிலால் மூலையைக் குத்தி வெளியே தள்ளி, பழைய தலையணையின் பஞ்சை அடைத்து, விட்ட இடத்தைக் கையால் மூட வேண்டும். எழுதும்போது ஏழு வரி. செய்யும்போது நான்கு நாள்.

கால் மிஷினில் நான் மிதித்தால் சக்கரம் பின்னால் சுற்றியது. பின்னால் சுற்றினால் நூல் அறுந்தது. அறுந்தால் ஊசியில் கோக்க வேண்டும். எனக்கு இரண்டு கண்ணும் இருந்தன என்பது பெயருக்குத்தான்.

"மெதுவா மிதிங்க. சைக்கிளா ஓட்டுறீங்க?" கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து அவள் மேற்பார்வை பார்த்தாள். "சத்தத்துலயே தெரியுது, நூலு சிக்கிக்கினு கீது. பாபின எடுத்துப் பாருங்க."

"பாபின்லாம் சரியாத்தான் இருக்கு."

"சரியா கீற பாபின் ஏன் கொக்கரிக்குது?"

எடுத்துப் பார்த்தேன். சிக்கியிருந்தது. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அது சொல்வதைவிட மோசம்.

முதல் மூன்று சதுரங்கள் சதுரங்களே அல்ல. பிரித்து மறுபடி தைத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. ராத்திரி படுத்தால் தொடை தனியாக மிதித்துக்கொண்டிருந்தது. நான்காம் நாள் மாலை பன்னிரண்டும் மேஜைமேல் இருந்தன. கொஞ்சம் கோணல்தான். ஆனால் கடித்தால் பிய்யாது.

மறுநாள் மதியம் பயிற்சி தொடங்கியது. ஆகாய நீலச் சதுரம் ஒன்றைக் குழந்தையின் முன் வைத்து, இன்னொரு ஆகாய நீலத்தை எடுத்து அதன்மேல் வைத்துக் காட்டினேன். "இதே மாதிரி. ஒரே மாதிரி." குழந்தை பார்த்தது. நான் வைத்ததை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, குவியலில் கைவிட்டுக் கருநீலத்தை எடுத்து ஆகாய நீலத்தின்மேல் வைத்தது. பிறகு இரண்டையும் சேர்த்து மடிக்கப் பார்த்தது. பஞ்சு மடங்கவில்லை. உள்ளங்கையால் தட்டித் தட்டி அழுத்தியது.

ஒரு தாளில் கட்டம் போட்டு வைத்திருந்தேன். தேதி, சரி, தவறு. முதல் நாள்: சரி பூஜ்யம், தவறு ஆறு. குறிப்பு: பொருளைச் சுருட்டி விளையாடுகிறாள்.

இரண்டாம் நாளும் அதே. சாம்பலின்மேல் கறுப்பு. சந்தனத்தின்மேல் காப்பிக்கொட்டை. நான் திருத்துவேன், அது பொறுமையாக மறுபடி மாற்றும். மூன்றாம் நாள் என் கையைத் தள்ளிவிட்டது. ஆறு நாள், ஆறு பூஜ்யம்.

இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. குருட்டாம்போக்கில் எடுத்து வைக்கிற குழந்தைக்குக்கூட ஆறு நாளில் இரண்டு மூன்றாவது தவறிப்போய்ச் சரியாக விழும். ஒன்றுகூட விழவில்லை என்றால் அந்தக் கை ஏதோ ஒரு முறையைப் பின்பற்றுகிறது என்று அர்த்தம். ஆயுள் முழுக்க விதிகளோடு குடும்பம் நடத்திய எனக்கு அது உறைக்கவில்லை. என் முறை ஒன்றுதான் முறை என்று உட்கார்ந்திருந்தேன்.

ஏழாம் நாள், தாயிடம் சொல்லிவிடுவதே நியாயம் என்று முடிவு செய்தேன். சென்னைப் பள்ளியை விசாரித்து வைத்துக்கொள், மருத்துவச் சான்று வாங்க இன்னின்ன படிவம் வேண்டும் என்று வரிசையாக எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவள் வேலைக்குக் கிளம்பும் முன் பிடிக்க வேண்டுமென்று பன்னிரண்டரைக்கு மாடி ஏறினேன். பதினெட்டுப் படி. ஒவ்வொன்றிலும் நின்றேன். இடுப்பு ஒரு காரணம், பையில் இருந்த தாள் இன்னொன்று.

கதவு திறந்திருந்தது. அவள் அடுப்பருகே டப்பாவில் சோறு அடைத்துக்கொண்டிருந்தாள். குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம். கொடியிலிருந்து உருவிய துணிகள் கட்டிலில் குவிந்திருந்தன.

"உக்காருங்க சார். பாப்பா, மாமன் குளிச்சிட்டு வருது பாரு, எடுத்து வை" என்றாள் அவள், திரும்பாமலே.

குழந்தை கட்டிலில் ஏறியது. குவியலைக் கிளறிச் சந்தன நிறச் சட்டையை இழுத்தது. அதை விரித்துப் போட்டது. பிறகு மறுபடி கிளறிக் காப்பிக்கொட்டை நிற பேண்ட்டை எடுத்துச் சட்டையின் நடுவில் வைத்தது. சட்டையின் இரண்டு பக்கத்தையும் அதன்மேல் மடித்து, உள்ளங்கையால் தட்டித் தட்டி அழுத்தியது. பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் குளியலறை வாசலில் நின்றது.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இத எப்பலேர்ந்து செய்யிறா?"

"இதுவா சார்? அது ஆவுது நாலஞ்சி மாசம்." அவள் டப்பாவை மூடினாள். "மூணு பேரும் மூணு ஷிப்ட்டு. ஒரு நா அவசரத்துல எங்க அண்ணனுக்கு இவரு பேண்ட்ட மாத்திக் குட்த்துட்டேன். கேட்ல செக்யூரிட்டி உள்ள உடல சார். திரும்பி வந்து என்னிய கத்தறாரு பாருங்க, தெருவே கேக்குது. அதுலேர்ந்து செட்டு செட்டா மடிச்சி வெப்பேன். பாத்துக்கினே இருந்திச்சி. இப்ப அதுதான் எடுத்துக் குடுக்குது. ஒரு வாட்டிகூட மாத்தினதில்ல."

அந்த வீட்டில் ஆகாய நீலத்தோடு ஆகாய நீலத்தையும் கருநீலத்தோடு கருநீலத்தையும் வைத்தால் ஒருவன் இரண்டு சட்டையோடும் இன்னொருவன் இரண்டு பேண்ட்டோடும் வேலைக்குப் போக வேண்டும். நான் அந்த வீட்டுத் துணியையே வெட்டி, அந்த வீட்டுக் குழந்தையின் முன் பரப்பி, ஆறு நாளாக அதற்குப் பூஜ்யம் போட்டுக்கொண்டிருந்தேன்.

விஷயத்தைச் சொன்னேன். பையில் இருந்த தாளைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப எம்பொண்ணுக்குப் புரியிதுல்ல சார்?"

"நல்லாவே புரியுதும்மா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேனுக்கு ஓடினாள். கீழே வந்து மனைவியிடம் சொன்னேன். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒரு கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"முப்பத்தஞ்சி வருசம் கெவுருமெண்டு உங்கள வெச்சிக்கினு இன்னாதான் பண்ணுச்சோ, பாவம்."

ஆனால் சிவப்புக் கோடு சிவப்புக் கோடுதான். பள்ளிக்கூடம் ஒரே மாதிரியானதைத்தான் கேட்கும். அதனால் இன்னொரு பன்னிரண்டு தைத்தேன். இந்த முறை மனைவியின் பழைய நைட்டி, ஜன்னல் திரை, தலையணை உறை, பழைய துண்டு, மேஜை விரிப்பு, என் கோடு போட்ட லுங்கி. எந்தக் கம்பெனி கேட்டிலும் இவற்றுக்கு வேலை இல்லை. நைட்டிக்கு நைட்டி, லுங்கிக்கு லுங்கி என்று குழந்தை நான்கு நாளில் பிடித்துக்கொண்டது. ஆறில் ஐந்து வரும், அவசரப்படுத்தாவிட்டால் ஆறும் வரும். லுங்கிச் சதுரத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் என் மடியில் கொண்டுவந்து வைத்துவிட்டு அப்புறம்தான் அதன் இடத்தில் வைக்கும். அதைத் தவறு என்று குறிக்கவில்லை. கட்டம் போட்ட தாளை அதற்குள் கிழித்துவிட்டிருந்தேன்.

பள்ளிக்கு என்னையும் வரச் சொன்னாள். மனைவி, "போங்க, ஆனா வாயத் தொறக்காதீங்க" என்று அனுப்பினாள். ஷேர் ஆட்டோவில் மூன்று பேர் இடத்தில் ஐந்து பேர். குழந்தை என் மடியில்.

எங்களைப் பார்த்த ஆசிரியைக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஆனால் முகத்தில் என் பணியின் கடைசி வருடத்துக் களைப்பு இருந்தது. வெளியே இன்னும் பத்துப் பதினைந்து குடும்பம் காத்திருந்தது. மேஜைமேல் படம் போட்ட அட்டைகளைப் பரப்பினாள். ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். எதிரில் இருப்பவரின் தாளைத் தலைகீழாகப் படிப்பது எங்கள் உத்தியோகத்தில் முதல் வருடமே வந்துவிடும். படித்தேன்.

கோப்பையின்மேல் கோப்பை. சரி. பூவின்மேல் பூ. சரி. நான் மூச்சு விட்டேன். அடுத்து ஆசிரியை பூட்டுப் படத்தை வைத்தாள். குழந்தை அட்டைகளைப் பார்த்தது. இன்னொரு பூட்டு கண்முன்னே கிடந்தது. அதைத் தாண்டிப் போய்ச் சாவியை எடுத்துப் பூட்டின்மேல் வைத்தது. பேனா ஒரு பெருக்கல் குறி போட்டது. செருப்புப் படத்தின்மேல் கால் படத்தை வைத்தது. இன்னொரு பெருக்கல்.

என் வாய் திறக்கப் போயிற்று. அதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"மிஸ், பூட்டுக்கு சாவிதான மிஸ்?"

அந்தப் பள்ளியில் 'சரிங்க மிஸ்' தவிர வேறு எதுவும் பேசியிராதவள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூன்று ஷிப்ட், மூன்று சீருடை, கேட்டில் திருப்பி அனுப்பிய செக்யூரிட்டி எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். "எந்தது எந்ததுக்கு வேணும்னு அதுக்குத் தெரியும் மிஸ். எனக்கே மாறிப்பூடும், அதுக்கு மாறாது. அதப் போயி தெரியாதுனு எழுதறீங்களே மிஸ்."

ஆசிரியை பேனாவைக் கீழே வைத்தாள். "அவ தப்புன்னு நான் சொல்லலம்மா. இதுல சேம் டு சேம் மட்டும்தான் கேட்டிருக்காங்க. நீங்க சொல்றத எழுத இதுல எடமே இல்ல. நான் இன்னா பண்ணட்டும்?"

இதே வாக்கியத்தை, இதே அலுப்போடு, எத்தனை பேரிடம் நான் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது அது பொய் இல்லை. அதனால்தான் அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

"கீழே ஒரு கோடு காலியா இருக்குதேம்மா" என்றேன்.

"அது எங்க மேடம் எழுதற எடம் சார்."

"பென்சில்ல எழுதி வைங்க. மேடம் பார்த்துட்டு சரின்னா மேலயே பேனாவால எழுதிடுவாங்க. வேணாம்னா அழிச்சிடுவாங்க. உங்கமேல ஒண்ணும் வராது. நான் கடைசி வரைக்கும் அப்படித்தான் ஓட்டினேன்."

அவள் முதல் முறையாகச் சிரித்தாள். "கெவர்மெண்டா சார்?" என்றாள். பென்சிலைத் தேடி எடுத்து இரண்டு வரி எழுதினாள். மேலே இன்னும் ஒரு வரி நிரப்பாமல் இருந்தது: தன் தேவையை வார்த்தையில் சொல்கிறாளா. அதில் பேனா நின்றது.

குழந்தை தாயின் முந்தானையை இழுத்தது.

"ம்மா. ஒண்ணுக்கு."

ஆசிரியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, முகத்தை மாற்றாமல், அந்த வரியில் ஒரு சரிக்குறி போட்டாள். எத்தனையோ கோப்புகள் எதெதனாலோ நகர்ந்து பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்று நகர்ந்து பார்த்ததில்லை.

அரைமணி நேரம் மரத்தடியில் நிற்கவைத்துவிட்டு முடிவைச் சொன்னார்கள். சேர்த்துக்கொள்கிறார்கள். மூன்று மாதம் கழித்து மறு ஆய்வு.

வேன் நிற்கும் முனைவரை நடந்தோம். மணி ஒன்று ஆகப்போகிறது. அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். நெற்றி சுருங்கியே இருந்தது.

"மூணு மாசங்கழிச்சி இன்னா சார் பார்ப்பாங்க?"

எனக்குத் தெரியும். ஒன்றும் பார்க்க மாட்டார்கள். முடிவெடுத்த கை பின்னால் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, கடைசியில் ஒரு மறு ஆய்வைத் தொங்கவிடுவது வழக்கம். நானே நூற்றுக்கணக்கில் தொங்கவிட்டிருக்கிறேன். ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. அதற்குள் குழந்தை மற்ற குழந்தைகளோடு கலந்துவிடும், தாள் அலமாரிக்குப் போய்விடும்.

"ஒண்ணும் பார்க்க மாட்டாங்கம்மா. சும்மா எழுதறதுதான்."

"நீங்க எனக்கோசரம் சொல்றீங்க." வேன் வந்துவிட்டது. குழந்தையை என் தோளுக்கு மாற்றினாள். "அதெப்டி சார், எழுதினத பார்க்காம இருப்பாங்க? மூணு மாசம் கீது. இன்னும் ஒரு பன்னெண்டு தெச்சிடுங்க சார். பூட்டு, சாவி, செருப்பு எல்லாம் படமா வெச்சி. நான் துணி எடுத்தாந்து தரேன்."

எழுதி வைத்தவர்கள் பார்க்காமலும் இருப்பார்கள் என்பதை முப்பத்தைந்து வருட அனுபவத்தோடு விளக்க வேன் காத்திருக்காது. சரி என்றேன். அவள் ஏறி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குழந்தையைப் பார்த்தபடியே போனாள். அது அதற்குள் தூங்கிவிட்டிருந்தது. எச்சில் என் சட்டையில் ஊறியது. பூட்டைத் துணியில் எப்படி வெட்டுவது, வளையத்துக்கு எவ்வளவு இடம் விடுவது என்று யோசித்துக்கொண்டே, இடுப்பைப் பிடித்தபடி ஷேர் ஆட்டோவுக்கு நின்றேன்.